புதுப்பிப்பு: மூடித் திறந்தால் பூட்டாத திரை தெரிந்த சிக்கல் தீர்ந்தது

என் கணினியில் ஆர்ச் லினக்ஸ் இயங்குதளம், ஐ3 சாளர மேலாளர் (விண்டோ மேனேஜர்). லேப்டாப்பை மூடித் திறந்தால் பூட்டுத்திரை வருவதற்குள் திறந்திருந்த மெயில் எல்லாம் ஒரு கணம் தெரிகிறது என்று கேட்டிருந்தேன். இப்போது சரி.

பூட்டும் நிரல் திரையை வரைந்து முடிக்கும் முன்பே கணினி தூங்கிவிடுகிறது. மிச்ச வேலை விழித்த பிறகுதான் நடக்கிறது. தூங்கும் முன் பூட்டும் நிரலை இயக்கிவிடும் எக்ஸ்எஸ்எஸ்-லாக் கட்டளையில் 'டிரான்ஸ்ஃபர்-ஸ்லீப்-லாக்' விருப்பத்தையும், பூட்டும் நிரலான ஐ3லாக்குக்கு 'நோஃபோர்க்' விருப்பத்தையும் சேர்த்தேன். இனி ஐ3லாக் திரையை மறைத்து முடிக்கும்வரை, கணினியைத் தூங்கவைக்கும் சிஸ்டம்டி பொறுத்திருக்கும், இயல்பு அமைப்பில் அதிகபட்சம் 5 வினாடி. இது வேலை செய்கிறதா என்று அறிய, 'சிஸ்டம்டி-இன்ஹிபிட்' கட்டளை காட்டும் பட்டியலில் எக்ஸ்எஸ்எஸ்-லாக் பெயருக்கு நேரே 'டிலே' (தாமதம்) என்று இருக்கிறதா பாருங்கள்.

ஸ்கிரீன்சேவர் நேரத்தைக் குறைக்கச் சொன்னவர்களுக்கு நன்றி, ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அப்புறம், ஐ3-க்குப் பதில் ஸ்வே என்ற சாளர மேலாளரைப் பயன்படுத்துபவர்கள், அதில் பூட்டும் நிரலை இயக்கும் ஸ்வேஐடிலின் 'டபிள்யூ' விருப்பத்தை (கட்டளை முடியும்வரை காத்திருக்கச் சொல்வது) போட்டுப் பாருங்கள்.