ஒரே வீட்டின் இரண்டு உரிமையாளர்களும் செயற்குழுவில் இருக்கலாமா?

கேள்வி: கீழக்கரைவாசி

கீழக்கரையில் 28 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி பதிவானது. செயற்குழுவில் 7 பேர். கூட்டம் நடக்கக் குறைந்தது 4 பேர் வரவேண்டும். வரும் தேர்தலில் ஒரு வீட்டின் கணவன், மனைவி இருவரும் மனு கொடுத்திருக்கிறார்கள். கணவர் தலைவர் பதவிக்கு, மனைவி பொருளாளர் பதவிக்கு. கிரயப் பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. "இணை உரிமையாளர்கள் சேர்ந்து இருக்கக் கூடாது" என்று ஒருவர் இணையத்தில் எடுத்த சட்டத்தைக் காட்டுகிறார். அது அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலச் சட்டம்.

இன்னொரு வீட்டில் வாப்பா (தந்தை) மௌத்தாகி (இறந்து), வீடு பிள்ளைகள் ஐந்து பேருக்கு வந்திருக்கிறது. அதில் அண்ணன் தம்பி இருவர் நிற்கக் கேட்கிறார்கள். வளைகுடாவில் இருக்கும் ஒருவர் தன் மச்சானுக்குப் பவர் (தன் சார்பில் செயல்பட அதிகாரப் பத்திரம்) கொடுத்து, அவரை நிற்கச் சொல்கிறார். யார் யாரை ஏற்பது?

பதில் 1: பத்திரக்கட்டு

அந்த ஃபுளோரிடா சட்டத்தை முதலில் தள்ளி வையுங்கள். அங்கேயே அது எல்லாச் சங்கத்துக்கும் இல்லை. 718ஆம் அத்தியாயம் கண்டோமினியத்துக்கானது, அதாவது வீடு தனித்தனியாகவும் பொது இடம் கூட்டாகவும் சொந்தமாக இருக்கும் குடியிருப்புக்கு. அதில் 10 வீட்டுக்கு மேல் இருந்தால், சில விதிவிலக்கு தவிர, ஒரே வீட்டின் இணை உரிமையாளர்கள் ஒரே நேரத்தில் குழுவில் இருக்க முடியாது. தனி வீட்டுக் குடியிருப்புச் சங்கங்களுக்கான 720ஆம் அத்தியாயத்தில் இந்தத் தடை கிடையாது.

நம் 1975 சட்டத்தின் 15ஆம் பிரிவு, செயற்குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும், பதவிக்காலம் 3 ஆண்டைத் தாண்டக் கூடாது என்கிறது. கணவன் மனைவி சேர்ந்து வரக் கூடாது என்று அதில் இல்லை. ஆகவே உங்கள் சங்கத்தின் துணைவிதிதான் (சங்கம் தனக்கென எழுதிப் பதிந்த விதிகள்) இதற்குப் பதில் சொல்லும். பதிவாளர் அலுவலக முத்திரை உள்ள நகலை எடுங்கள். யாரோ தட்டச்சு செய்து வாட்ஸப்பில் போட்டதை நம்பாதீர்கள், திருத்தம் விடுபட்டிருக்கும்.

துணைவிதியில் பார்க்க வேண்டியது ஒரு வரி: "உறுப்பினர்" யார்? பல துணைவிதிகளில், கூட்டாக வாங்கிய வீட்டுக்குப் பத்திரத்தில் முதல் பெயர் உள்ளவருக்கே ஓட்டு என்று இருக்கும். அப்படி இருந்து, செயற்குழுவுக்கு "ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்" மட்டும் நிற்கலாம் என்றும் இருந்தால், கணவன் மனைவியில் ஒருவர் மனு தானாகவே விழுந்துவிடும். "உரிமையாளர் எவரும் நிற்கலாம்" என்று இருந்தால் இரண்டு மனுவும் செல்லும், பிடிக்காவிட்டாலும் தள்ள முடியாது. தேர்தல் அதிகாரி தன் மனதுக்குப் பட்டதை வைத்து மனுவைத் தள்ளினால் மொத்தத் தேர்தலும் நீதிமன்றம் போகும்.

இரண்டு பேர் நின்றாலும் வீட்டுக்கு ஓட்டு ஒன்றா, ஆளுக்கு ஒன்றா என்பது தனிக் கேள்வி. அதையும் துணைவிதியில் பார்த்து, தேர்தல் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

பதில் 2: கணக்குப்பிள்ளை

சட்டம் தடுக்கவில்லை என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள். தலைவரும் பொருளாளரும் ஒரே வீடு என்பதுதான் இங்கே ஆபத்து. காசோலைக்கு இரண்டு கையெழுத்து வைப்பதே ஒருவர் செய்வதை இன்னொருவர் கேட்பதற்காக. இரண்டு பேனாவும் ஒரே மேசையில் இருந்தால் அந்தக் கேள்வி வராது.

நம் கடற்கரைக் கட்டடங்களில் செலவு அடிக்கடி வரும், பெரிதாகவும் வரும். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துக் காங்கிரீட் பெயரும், லிப்ட்டின் மின்பலகை கெடும், மோட்டார் போகும், கோடையில் தண்ணீர் லாரி தினமும் வரும். லாரிக்கு ரசீது இருக்காது, எண்ணிக்கை மட்டும்தான். அதை எழுதுபவரும் பணம் கொடுப்பவரும் வேறு வேறு வீடாக இருக்க வேண்டும்.

இன்னொரு கணக்கு. 4 பேர் வந்தால் கூட்டம் நடக்கும் என்றால், 3 கை தூக்கினால் தீர்மானம். ஒரு வீட்டிலேயே 2 கை இருக்கிறது. 28 வீட்டுக் காரியத்தை அந்த வீடும் இன்னொருவரும் முடித்துவிடலாம்.

துணைவிதி இருவரையும் அனுமதித்தால், வங்கிக்குக் கொடுக்கும் தீர்மானத்தில் இப்படிப் போடுங்கள்: "தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்திட வேண்டும், அந்த இருவர் ஒரே வீட்டைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது." எந்தப் பெயர்ச் சேர்க்கை செல்லும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். வெறுமனே "இருவர்" என்று இருந்தால் வங்கி எந்த இருவரையும் ஏற்றுக்கொள்ளும்.

பதில் 3: பத்திரக்கட்டு

வாரிசு வீட்டைப் பற்றி. ஷரீஅத்படி மகனுக்கு 2 பங்கு, மகளுக்கு 1 பங்கு என்று சொத்து பிரிந்தாலும், சங்க ஓட்டு அந்தக் கணக்கில் பிரியாது. வாரிசுச் சான்றிதழ் நகலோடு ஐந்து பேரும் கையெழுத்திட்டு "எங்கள் வீட்டின் சார்பில் இவர்" என்று ஒருவரைக் காட்டும் கடிதம் வாங்குங்கள். உம்மா (தாய்) உயிரோடு இருந்தால் அவரும் வாரிசு, அவர் கையெழுத்தை விட்டுவிட வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் கையெழுத்து இல்லாமல் ஏற்றுக்கொண்டால், பிறகு தகராறு அங்கிருந்துதான் கிளம்பும்.

பவர் வைத்திருக்கும் மச்சான் உரிமையாளர் அல்ல. வீட்டை வாடகைக்கு விடலாம், பராமரிப்புக் கட்டணம் கட்டலாம். துணைவிதி பதிலி ஓட்டை (வராதவருக்காக இன்னொருவர் போடுவது) அனுமதித்தால் ஓட்டும் போடலாம். உறுப்பினர்தான் செயற்குழுவுக்கு வரலாம் என்று துணைவிதியில் இருந்தால் அவர் நிற்க முடியாது. வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியா வந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட்டதா என்றும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: கீழக்கரைவாசி

துணைவிதியை எடுத்துப் பார்த்தோம். "உரிமையாளர்கள் உறுப்பினர்கள்" என்று மட்டும் இருக்கிறது. ஓட்டு வீட்டுக்கு ஒன்று. இந்தத் தேர்தலுக்கு முன் திருத்த முடியுமா?

பதில் 4: கணக்குப்பிள்ளை

மனு வாங்கிய பிறகு திருத்தினால் அந்தத் தம்பதிக்கு எதிராகச் செய்ததாகவே ஆகும். இந்தத் தேர்தலை இருக்கும் விதியில் நடத்துங்கள், கையெழுத்துத் தீர்மானத்தை மட்டும் முதல் கூட்டத்திலேயே போடுங்கள். புதிய குழுவின் பெயர்களைப் படிவம் 7இல் மாவட்டப் பதிவாளருக்கு அனுப்ப மறக்காதீர்கள். அது போகாவிட்டால் வங்கியில் பெயர் மாற்றவும் இழுத்தடிக்கும்.

திருத்தத்துக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும்: 21 நாள் முன்னறிவிப்பு, அதில் திருத்தத்தின் முழு வாசகம், வந்து ஓட்டுப் போடுவோரில் நாலில் மூன்று பங்கு ஆதரவு. 16 வீடு வந்தால் 12 வேண்டும். நிறைவேறியதைப் பதிவாளரிடம் பதிந்த பிறகே செல்லும்.

வாசகத்தில் ஃபுளோரிடாக்காரர்கள் வைத்த விதிவிலக்கை எடுத்துக்கொள்ளலாம், அது நம் ஊருக்கும் பொருந்தும்: "ஒரு வீட்டின் இணை உரிமையாளர்களில் ஒருவர் மட்டுமே ஒரே நேரத்தில் செயற்குழுவில் இருக்கலாம். அவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வீடு இருந்தாலோ, காலியிடத்துக்குத் தகுதியுள்ள வேறு ஆள் இல்லாவிட்டாலோ இது பொருந்தாது." பாதி வீட்டுக்காரர்கள் கடல் தாண்டி இருக்கும் குடியிருப்பில் இரண்டாவது வரி இல்லாவிட்டால் 7 இடமும் நிரம்பாது. அதன்கீழ் இன்னொரு வரி சேருங்கள்: விதிவிலக்கில் வந்தாலும் தலைவர், பொருளாளர் இரண்டும் ஒரே வீட்டுக்குக் கிடையாது.