மிகைவெளிப்பாடா, மிகையாக்கமா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை

குழுவினருக்கு வணக்கம். கல்லூரி உயிரியல் பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சுண்டெலிக் கண்ணின் குச்சி செல்கள் பற்றி 2006இல் வந்த ஆய்வு அதில் வருகிறது. ஒளி பட்டுத் தூண்டப்பட்ட செல் பழைய நிலைக்குத் திரும்பும் வேகத்தை எந்தப் புரதம் தீர்மானிக்கிறது என்பதுதான் கேள்வி. ஒளியை உணரும் புரதமான ரோடாப்சினை அணைக்க உதவும் நொதி ரோடாப்சின் கைனேஸ்; அதைக் கூட்டினார்கள், மீட்சியில் மாற்றமில்லை. ரோடாப்சினின் சைகையை அடுத்துக் கடத்தும் புரதமான டிரான்ஸ்டியூசினை அணைக்கும் ஆர்ஜிஎஸ்9 என்ற புரதத் தொகுதியின் அளவைக் கூட்டியதும் செல் மளமளவென்று மீண்டது. இப்படி ஒரு மரபணுவின் புரதத்தைச் செல் வழக்கத்தைவிட அதிகமாக உண்டாக்கச் செய்யும் ‘ஓவர்எக்ஸ்பிரஷ’னுக்கு ‘மிகைவெளிப்பாடு’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

உயிரியல் ஆசிரியை, திருச்சி

‘வெளிப்பாடு’ வேண்டாம் தம்பி. புரதம் செல்லை விட்டு வெளியே போவதாக அம்புக்குறி போட்டே மாணவர்கள் வரைகிறார்கள். ஆர்ஜிஎஸ்9 செல்லுக்குள்ளே, குச்சி செல்லின் ஒரு பகுதியான வெளித்துண்டத்தின் தட்டுச் சவ்வில் ஒட்டியிருந்து வேலை செய்வது. ‘மிகையாக்கம்’ போதும்.

தமிழாசிரியர் (ஓய்வு), மதுரை

‘மிகை’யே எனக்கு உறுத்துகிறது. தொகு–தொகை, வகு–வகை போல மிகு–மிகை. குறளின் ‘மிகைநாடி மிக்க கொளல்’ என்ற இடத்தில் அது மிகுதி. நன்னூலிலோ ‘மிகைபடக் கூறல்’ பத்துக் குற்றங்களில் ஒன்று. அப்புறம், ‘வெளிப்படு’ தன்வினை. இங்கே ஆய்வாளர்கள் அல்லவா செய்வித்தார்கள்? பிறவினையில் ‘மரபணு மிகுவித்தல்’ என்பதே முறை.

ஆசிரியை, திருச்சி

ஐயா, அதே பட்டியலில் ‘மயங்க வைத்தல்’ என்பதும் குற்றம்தானே? ‘மரபணு மிகுவித்தல்’ என்றால் பிசிஆர் என்ற ஆய்வக முறையில் மரபணுவைப் படியெடுத்துப் பெருக்குவதாகத்தான் பிள்ளைகள் நினைப்பார்கள்.

ஆய்வு மாணவர், யாழ்ப்பாணம்

நாங்கள் கலம், கோல் என்று படித்தவர்கள். செல், குச்சி பற்றிய வழக்கைப் பிறகு பார்ப்போம். இங்கே பெரிய சிக்கல் வேறு. அந்த எலிகளில் கூடுதலாகச் சேர்த்தது ஆர்ஜிஎஸ்9 மரபணு அல்ல. அதைச் சவ்வில் நங்கூரமிடும் ஆர்9ஏபி என்ற புரதத்தின் மரபணுவைத்தான் சேர்த்தார்கள். நங்கூரம் கிடைக்காத ஆர்ஜிஎஸ்9 சிதைந்துபோகும். நங்கூரம் கூடியதால் சிதையாமல் தங்கிய ஆர்ஜிஎஸ்9இன் அளவும் கூடியது. ஆகவே ஆர்ஜிஎஸ்9ஐ ‘மிகையாக்கம்’ என்றால் அறிவியலே பிழையாகிவிடும். இரண்டு சொல் வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை

இது எனக்குத் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. ஆர்9ஏபிக்கு ‘மிகையாக்கம்’, ஆர்ஜிஎஸ்9க்கு ‘அளவு உயர்வு’. பெரும்பாலோர் இதற்கு ஒத்துவருவதால் இப்படியே அனுப்பிவிடுகிறேன்.

தமிழாசிரியர், மதுரை

அனுப்புங்கள், தடையில்லை. ஆனால் என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். ரோடாப்சின் மரபணுவின் இரு படிகளில் ஒன்றை நீக்கிப் புரதத்தைப் பாதியாக்கிய எலிகளும் இத்துறையில் உண்டு. அங்கே ‘குறையாக்கம்’ என்பீர்களா? அரைகுறையாகச் செய்தது என்றல்லவா காதில் விழுகிறது?