ஆன்-பிரெமிஸ் ஈ.ஆர்.பி.க்கு ஒரு சொல்: ‘வளவமர்’

வணக்கம் எல்லாருக்கும்.

கிண்ணியாத் தம்பியின் கேள்வி நேரானது. ஒரு கம்பனி தன் விற்பனை, கொள்வனவு, களஞ்சியம், கணக்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய ஈ.ஆர்.பி. மென்பொருளை இணையத்தில் மாத வாடகைக்கு எடுக்காமல் தன் சொந்தச் சேவையகத்தில் (சேர்வரில்) ஓட்டினால், ஆங்கிலத்தில் ஆன்-பிரெமிஸ் என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன பெயர்? பாவனையாளர் கைநூலைத் தமிழாக்கும்போது பக்கத்துக்குப் பக்கம் இந்தச் சொல் வந்து மறிக்கிறதாம். இதுவரை வந்த பதில்களில் ‘உள்ளக வரிசைப்படுத்தல்’, ‘வளாக நிறுவல்’, ‘தன்னிடச் சேவையகம்’ மூன்றும் முன்னுக்கு நிற்கின்றன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு என் சொல்லைத் தருகிறேன், கொஞ்சம் நீளும்.

‘வரிசைப்படுத்தல்’ என்பது மொழிபெயர்ப்புப் பொறிகள் பரப்பிய சொல். மென்பொருளை ஓடும்படி ஓரிடத்தில் வைப்பதைச் சொல்லும் டிப்ளோய் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் படையை அணிவகுத்து நிறுத்துவது என்றும் பொருள் உண்டு, பொறி அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் ஈ.ஆர்.பி.யில் எந்தப் பட்டியலைத் திறந்தாலும் திகதிப்படி, தொகைப்படி வரிசைப்படுத்தும் வசதி இருக்கும். ஒரே கைநூலில் ஒரு பக்கம் பட்டியலை வரிசைப்படுத்து, அடுத்த பக்கம் மென்பொருளை வரிசைப்படுத்து என்று எழுதினால் கணக்குப் பிரிவில் இருக்கிற பிள்ளை எதை என்று விளங்கிக்கொள்ளும்? கோவை நண்பர் சொன்ன ‘நிலைநிறுத்தல்’ இலக்கணப்படி சரிதான். ஆனால் அந்தச் சொல்லைப் படையினரோடு சேர்த்தே வருடக்கணக்காகச் செய்திகளில் கேட்டவர்கள் திருகோணமலைக்காரர். கணக்கு மென்பொருளுக்கு அது வேண்டாம்.

அப்புறம் ‘வளாகம்’. இங்கே யாரிடமாவது வளாகம் என்று சொல்லிப் பாருங்கள், கோணேசபுரியில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்குப் போகும் பஸ்ஸைக் காட்டுவார்கள். அதுவும் போக, வளாகம் என்றதும் பல கட்டடங்கள் கொண்ட பெரிய இடம்தான் மனதில் வரும். மத்திய வீதியில் ஒரு கடையும் பின்னுக்கு ஒரு களஞ்சிய அறையுமாக இருக்கிற வியாபாரிக்கு வளாகம் ஏது? அவருக்கு இருப்பது வளவு.

வளவு என்ற சொல்லை நாங்கள் தினமும் பேசுகிறோம். வீட்டு வளவு, பக்கத்து வளவு, வளவுக்குள் மாடு வந்திட்டு. வேலி அடைத்த, எல்லை தெரிந்த, என் பொறுப்பில் இருக்கிற இடம். ஆங்கிலத்தில் பிரெமிசஸ் என்பதும் கட்டடத்தை மட்டும் சொல்லாமல் அதைச் சேர்ந்த நிலத்தையும் சேர்த்தே சொல்கிறது. தமிழ்நாட்டாருக்கு இது அந்நியமாக இருக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார், அப்படியில்லை. செட்டிநாட்டு வீடுகளில் வளவு உண்டு, சேலம் பக்கத்துச் சிற்றூர்ப் பெயர்களிலும் உண்டு. பொருள் சற்று மாறும், அடைப்புக்குள் இருக்கிற இடம் என்ற கரு மாறாது.

ஆனால் இடத்தை மட்டும் பெயரிட்டால் பாதி வேலைதான் முடியும். இந்த வகை மென்பொருள் செய்யும் எஸ்.ஏ.பி. கம்பனி ஜெர்மனியில் 1972இல் தொடங்கியபோதும், கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் 1990இல் ஈ.ஆர்.பி. என்ற பெயரை வைத்தபோதும், கம்பனியின் மென்பொருள் கம்பனியின் கணினியில் ஓடுவதுதான் வழக்கம், அதற்குத் தனிப் பெயர் தேவைப்படவில்லை. முகில் (கிளவுட்) வந்த பிறகுதான் பழையதற்கும் ஒரு பெயர் வேண்டியிருந்தது, கைத்தொலைபேசி வந்த பிறகு மற்றதை வீட்டுத் தொலைபேசி என்று சொல்லத் தொடங்கியதைப் போல. அவசரத்தில் வைத்த பெயர் என்பதால் ஆன்-பிரெமிஸ் என்ற சொல்லுக்குள்ளேயே இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஓடூ என்ற ஈ.ஆர்.பி.யைப் பாருங்கள், தன் மென்பொருளை ஓட்ட ஓடூ ஒன்லைன், ஓடூ.எஸ்ஹெச், ஆன்-பிரெமிஸ் என்று மூன்று வழி சொல்கிறது. சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சேவையகத்தில் நீங்களே போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளைப் போட்டு ஓடூவை ஏற்றினால் அதுவும் அவர்கள் கணக்கில் ஆன்-பிரெமிஸ்தான். வளவு எங்கே, சிங்கப்பூர் எங்கே!

ஆகவே கேள்விகள் இரண்டு. பொறி எங்கே அமர்ந்திருக்கிறது? அதை யார் பேணுகிறார்? இலங்கையில் நம்முடைய 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இவற்றைத் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. தரவு நாட்டுக்கு வெளியே போவதற்கு ஒரு நிபந்தனைத் தொகுதி, தரவுக்குப் பொறுப்பானவருக்கும் அவர் சார்பில் கையாள்பவருக்கும் வேறு கடமைகள். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் கணக்குப் பார்க்கிற சம்பளப் பட்டியல் இந்த மென்பொருளுக்குள்தான் கிடக்கிறது, ஆகவே இது வெறும் சொல் விளையாட்டு அல்ல.

என் முன்மொழிவு இதுதான். இடத்துக்கு ‘அமர்’ என்ற வேர். டிப்ளோய் என்பதற்கு அமர்த்தல். சொந்த இடத்தில் என்றால் வளவமர், முகிலில் என்றால் முகிலமர், சொந்தப் பொறி கொழும்பில் யாரோ ஒருவருடைய தரவு மையத்தில் ரேக் வாடகைக்கு இருந்தால் அயலமர். வளவமர் மென்பொருள், வளவமர் சேவையகம், “இதை வளவில் அமர்த்தியிருக்கிறோம்” என்று பெயராகவும் வினையாகவும் ஓடும். ஒரு சொல்லை ஆக்கினால் அதன் சகோதரச் சொற்களும் கூடவே பிறக்க வேண்டும், ‘உள்ளக’ என்பதிலிருந்து அப்படி எதுவும் பிறக்காது.

யார் பேணுகிறார் என்பதற்கு தன்பேணல். தயவுசெய்து ‘தன்பேணி’ என்று ஆக்க வேண்டாம். பேணி என்றால் எங்கள் பக்கத்தில் தேத்தண்ணி குடிக்கிற தகரப் பேணி, கூட்டத்தில் யாரும் அந்தச் சொல்லைச் சிரிக்காமல் சொல்லமாட்டார்கள்.

‘நிறுவல்’ போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நிறுவல் ஒரு நாள் வேலை, பேணல் ஒவ்வொரு நாளும். கடற்கரைப் பக்கம் மீன் வாங்கி ஐஸ் போட்டுக் கொழும்புக்கு லொறி ஏற்றும் கம்பனி ஒன்றில் இதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எடை போடுகிற மேசைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதற்குள் சேவையகமும் யூ.பி.எஸ்.ஸும். உப்புக் காற்றில் பெட்டியின் திருகாணித் தலைகள் எல்லாம் செம்மஞ்சளாகத் துருவேறிக் கிடக்கும், கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் விசிறிகள் இரைந்தபடியே இருக்கும், வாரத்துக்கு ஒருமுறை ஒரு பெடியன் தூசி ஊதித் துடைப்பான். ஆனால் வாடைக்காலத்து மழையில் வெளி இணையம் விழுந்தாலும் எடைச்சீட்டு விழுந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் தராசில் இருந்து பொறிக்கு வயர் அந்தச் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி இருந்த டொலர் மே மாதம் 360ஐ ஒட்டிப் போனபோது, முகில் வாடகையை டொலரில் கட்டியவர்கள் பட்ட பாடு இங்கே பலருக்கும் நினைவிருக்கும். வளவில் அமர்த்துவதற்கு இந்தக் காரணங்கள் போதும்.

அதே நேரம், வளவில் இருப்பதால் மட்டும் தரவு பத்திரமாகிவிடாது. ஓடூவில் தரவுத்தளம் ஒரு பக்கம், ஸ்கேன் செய்து இணைத்த விலைச்சிட்டைகளும் படங்களும் இருக்கிற கோப்புக் களஞ்சியம் இன்னொரு பக்கம். தரவுத்தளத்தை மட்டும் பேக்கப் எடுத்து வைத்தால் மீட்கிற அன்றைக்கு எண்கள் எல்லாம் வரும், சிட்டை ஒன்றும் திறக்காது. 2023இல் இலங்கை அரச முகிலில் நடந்த கப்பத் தாக்குதலில் (ரான்சம்வெயர்) மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன, அந்தக் காலத்துக்குப் பேக்கப் இருக்கவில்லை. பொறி எங்கே அமர்ந்திருந்தது என்பது அங்கே உதவவில்லை. இதனால்தான் பேணலுக்குத் தனிச் சொல் வேண்டும் என்று விடாமல் நிற்கிறேன். கைநூலில் ‘வளவமர், தன்பேணல்’ என்று சேர்த்து எழுதினால், முதலாளி கையெழுத்து வைக்க முன்னமே யார் பேக்கப் எடுப்பது என்று கேட்பார்.

வந்த ஆட்சேபங்களுக்குச் சுருக்கமாக: அமர் என்றால் போர் என்றும் பொருள் உண்டுதான், அது இன்றைக்கு இலக்கியத்துக்குள்தான் இருக்கிறது, ‘இங்கே அமருங்கள்’ என்றால் யாரும் வாளை எடுப்பதில்லை. புணர்ச்சியில் பிழை இல்லை, கதவு, அடைப்பு சேர்ந்து கதவடைப்பு ஆவதைப் போலவே வளவு, அமர் சேர்ந்து வளவமர் ஆகிறது. ‘வளவிருப்பு’ அழகான சொல், ஆனால் ஈ.ஆர்.பி.க்குள் இருப்பு என்றால் களஞ்சியச் சரக்கு, அங்கே போய் முட்டும். சேவையகமா வழங்கியா, முகிலா மேகமா என்பவற்றை இந்த இழையில் திறக்க வேண்டாம். மேகம்தான் வேண்டும் என்பவர்கள் மேகமமர் என்று சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எனக்கே இன்னும் திருப்தி இல்லாதது ‘அயலமர்’. அயல் என்றால் எங்களுக்குப் பக்கத்து வீடு, அயலட்டை என்ற நெருக்கம், தமிழ்நாட்டில் அயல்நாடு என்ற தூரம். கொழும்புத் தரவு மையம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மட்டக்களப்பு அக்காவும் கோவை நண்பரும் இதற்கு வேறு முன்னொட்டு வைத்திருந்தால் எழுதுங்கள், வளவமரையும் தன்பேணலையும் தம்பி இப்போதே கைநூலில் போட்டுப் பார்க்கலாம்.