பாட்டிலில் குமிழ் எப்போது நிற்கும்?

எனக்கு ஜிபிஏ. உடம்பின் எதிர்ப்புசக்தியே ரத்தக்குழாய்களைத் தாக்கும் வாஸ்குலைடிஸில் ஒரு வகை. மூக்கில் ரத்தப் பொருக்கு, ஆறாத சைனஸ் என்று ஆரம்பித்தது. இந்த நோய்க்குப் பார்க்கும் ஆன்கா ரத்த டெஸ்ட் பாசிட்டிவ், சிடியில் இரண்டு நுரையீரலிலும் கட்டிகள். ஸ்டீராய்டும், எதிர்ப்புசக்தியை அடக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தும் தொடங்கி மூன்றாவது வாரம், உடம்பு தேறிக்கொண்டுதான் இருந்தது. அதில்தான் ஏமாந்தேன்.

பல் தேய்க்கும்போது வலது பக்கம் சுருக்கென்று ஒரு குத்து. மூச்சை இழுத்தால் தோள்பட்டை வரை ஏறியது. இருமி இருமிச் சதை பிடித்துக்கொண்டது என்று ஒத்தடம் கொடுத்துப் படுத்துவிட்டேன். சாயங்காலம் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. ஆக்சிஜன் 88. எக்ஸ்ரேயில் நுரையீரல் கசக்கிப் போட்ட துணி மாதிரி நடுப்பக்கம் சுருண்டு கிடந்தது. நியூமோதோராக்ஸ், அதாவது நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே காற்று புகுந்துவிட்டது.

கட்டிகளில் ஒன்று உள்ளே சிதைந்து குழியாகி, நுரையீரலின் ஓரத்தில் உறைவழியே திறந்துகொண்டதாம். இழுக்கிற மூச்செல்லாம் அந்த ஓட்டை வழியே வெளியேறி நுரையீரலையே அமுக்கியிருக்கிறது.

விலா எலும்புகளுக்கு நடுவே ட்யூப் போட்டு, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் விட்டார்கள். இருமினால் குளுகுளுவென்று குமிழ், ஓட்டை இன்னும் மூடவில்லை என்று அர்த்தம். பக்கத்துக் கட்டிலில் விபத்தில் நுரையீரல் சுருங்கியவருக்கு நாலே நாளில் ட்யூப் எடுத்தாச்சு. எனக்கு 19 நாள்! ஸ்டீராய்டு புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். நிறுத்தினாலோ நோய் கிளம்பும். சளியில் டிபி, பூஞ்சை எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெல்ல மெல்ல டோஸைக் குறைத்தார்கள். பாட்டிலைப் பார்த்துப் பார்த்தே ராத்திரிகள் போயின. ஒரு நாள் விடியற்காலை இருமினேன், குமிழ் இல்லை. மூச்சுக்கு ஏற்ப தண்ணீர் மட்டும் ஏறி இறங்கியது. நர்ஸை எழுப்பாத குறைதான்.

— — —

என் அண்ணனுக்கும் இதே கதைதான், ஆனால் ஒரே பக்கம் மூன்று தடவை. கடைசியில் டால்க் பவுடர் உள்ளே செலுத்தி, நுரையீரலை நெஞ்சுச் சுவரோடு ஒட்டவைத்தார்கள். அந்த வலி மோசம் என்பார்; வலி மருந்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நடக்கும்போது பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேயே இருக்கணும். எங்களுக்கு அதை யாருமே முதல் நாள் சொல்லவில்லை.

— — —

எனக்கு இஜிபிஏ, இதே குடும்பத்து இன்னொரு வாஸ்குலைடிஸ். ஆஸ்துமாவும் உண்டு. அதனால் மூச்சு வாங்கினால் இன்ஹேலரைத்தான் கை தேடும். நீங்கள் சொன்ன அந்தக் குத்து, ஒரே பக்கம், திடீரென்று, அதுதான் வித்தியாசமா?

— — —

எனக்கு அப்படித்தான். வலி அவ்வளவாக இல்லாமலும் வருமாம், அதனால் மூச்சுத்திணறல் வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்தாலே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். விமானப் பயணம், எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுசாக விரிந்தது தெரிந்து டாக்டர் சரி சொல்லும்வரை கூடாது. ஆழ்கடல் டைவிங் இனி கிடையவே கிடையாது என்றார். எனக்கு நீச்சலே தெரியாது.