கொட்டகையில் டெஸ்டர் எரிகிறது, மோட்டார் மட்டும் சுற்றவில்லை – உதவி தேவை

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம் பக்கம்):
வணக்கம். வீட்டிலிருந்து மாட்டுக் கொட்டகை 80 மீட்டர். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற அரை எச்.பி. மோட்டார். சுவிட்ச் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை. அதையே தூக்கி வந்து வீட்டு பிளக்கில் மாட்டினால் ஜம்மென்று ஓடுகிறது. கொட்டகை பிளக்கில் டெஸ்டர் பளிச்சென்று எரிகிறது, மல்டிமீட்டர் 228 வோல்ட் காட்டுகிறது. வீட்டிலும் அதே 228 தான். கரண்ட் சரியாகத்தானே வருகிறது? கெப்பாசிட்டரும் மாற்றியாச்சு.

ராயக்கோட்டைக்காரன்:
வைண்டிங் போயிருக்கும். கட்டக் கொடுங்கள்.

மாந்தோப்பு:
அண்ணே, வீட்டில் ஓடுகிறதே?

பழைய வயர்மேன் (பாலக்கோடு):
தம்பி, மோட்டாரை விடு, வயரைப் பார். டெஸ்டர் எரிய ஒரு மில்லி ஆம்பியர்கூட வேண்டாம். மல்டிமீட்டருக்கு அதைவிடக் குறைவு. குழாயை மூடி வைத்தால் கடைசி முனை வரை அழுத்தம் இருக்கும். திறந்துவிட்டால்தான் அடைப்பு எங்கே என்று தெரியும். 228 என்பது மூடிய குழாயின் கணக்கு. என்ன வயர்? நடுவில் ஜாயின்ட் உண்டா?

மாந்தோப்பு:
1 ஸ்கொயர் எம்.எம். செம்பு, இரண்டு வயர். பாதியில் செந்தூரா மாமரத்துக் கிளையில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்று. மாமா போட்டது. மோட்டாரை ஓடவிட்டே வோல்ட் பார்க்கட்டுமா?

பழைய வயர்மேன்:
வேண்டாம். சுற்றாமல் உறுமும் மோட்டார் நிமிடக் கணக்கில் கருகிவிடும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைக் கொட்டகையில் மாட்டு. அது எரியும்போதே பக்கத்துப் பாயின்ட்டில் வோல்ட் பார். செருப்புப் போட்டுக்கொள், தரை ஈரமாக இருக்கக் கூடாது.

மாந்தோப்பு:
206 வந்தது! வீட்டில் 228 அப்படியே நிற்கிறது. கணக்கும் போட்டேன்: இந்த வயருக்கு 100 மீட்டருக்கு 1.8 ஓம், 80 மீட்டருக்கு 1.44. பெட்டி இழுப்பது 4 ஆம்பியர். 6 வோல்ட்தானே குறைய வேண்டும்? 22 எப்படி?

பழைய வயர்மேன்:
எல்லோரும் சறுக்கும் இடம் இது. போன கரண்ட் நியூட்ரல் வழியாகத் திரும்ப வேண்டாமா? 80 போக, 80 வர, ஆக 160 மீட்டர், 2.9 ஓம். அதற்கு 11, 12 வோல்ட் போகும். ஆனால் உனக்குப் போனது 22. இஸ்திரிப் பெட்டியின் மின்தடை 53 ஓம். 206-ஐ அந்த 53-ஆல் வகுத்தால் 3.9 ஆம்பியர். 22-ஐ 3.9-ஆல் வகுத்தால் 5.6 ஓம். வயருக்கு 2.9 போக மீதி 2.7 ஓம் எங்கே? செந்தூரா மரத்தில்தான். அந்த இடத்தில் 40 வாட் சூடு பிறக்கிறது.

மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடுவதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் கேட்கும். இந்த லைனில் அப்போது அதற்குக் கிடைப்பது 155 வோல்ட் போல இருக்கும். கிளம்பும் விசை வோல்ட்டின் வர்க்கத்தில் குறையும். அதாவது பாதிகூட வராது. உறுமாமல் என்ன செய்யும்? மெயினை இறக்கிவிட்டு ஜாயின்ட்டைப் பிரி.

மாந்தோப்பு:
பிரித்தேன் அண்ணே. டேப் உருகி ஒட்டியிருந்தது. உள்ளே நியூட்ரல் வயர் கரித்துண்டு மாதிரி, தொட்டதும் இரண்டு இழை உதிர்ந்தது. சுரண்டி, கனெக்டர் போட்டு இறுக்கினேன். இப்போது இஸ்திரிப் பெட்டியில் 216. மோட்டார் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சுற்றுகிறது.

ராயக்கோட்டைக்காரன்:
நல்லவேளை, வைண்டிங் கட்டவில்லை. என் பேச்சைக் கேட்டிருந்தால் காசு போயிருக்கும்.

பழைய வயர்மேன்:
யோசிக்கிறது என்றால் இன்னும் வயர் பற்றவில்லை. 4 ஸ்கொயர் போட்டால் 160 மீட்டருக்கும் சேர்த்து முக்கால் ஓம்தான். ஜாயின்ட் இல்லாமல் ஒரே இழுப்பாக இழு. இன்னொன்று, இரண்டு வயர் என்றாயே, எர்த் எங்கே? ஈரத் தரையில் நிற்கும் மாடு நம்மைவிடச் சீக்கிரம் ஷாக்கில் விழும். மூன்று கோர் வாங்கு, மோட்டார் பாடியை எர்த் செய், கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்றும் மாட்டு.

மாந்தோப்பு:
நாளை கிருஷ்ணகிரி போகிறேன், மூன்று கோரே வாங்குகிறேன். மாமாவிடம் ஜாயின்ட்டைக் காட்டினேன். "பத்து வருஷம் ஓடுச்சில்ல?" என்கிறார்.