டெஸ்டோஸ்டிரோன்: உடல் சுரந்ததா, ஊசியில் ஏறியதா?

ஊக்கமருந்துப் பரிசோதனைக் கூடத்தில் நான் பணியாற்றிய காலத்தில் எங்களை அதிகம் அலைக்கழித்தது டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன்தான். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஓட்டவீரர் பென் ஜான்சனைச் சிக்கவைத்த ஸ்டானசோலோல் என்னும் செயற்கை ஸ்டீராய்டு உடலில் தானாக உண்டாவதில்லை. அதன் சுவடு சிறுநீரில் உறுதியானாலே போதும். டெஸ்டோஸ்டிரோனோ எல்லோருடைய சிறுநீரிலும் இருப்பது.

ஆகவே, உடலே சுரக்கும் அதன் இணைப்பொருளான எபிடெஸ்டோஸ்டிரோனுடன் அதற்குள்ள விகிதத்தை முதலில் பார்ப்போம். வெளியிலிருந்து செலுத்திக்கொண்டால் டெஸ்டோஸ்டிரோன் மட்டும் ஏறும் என்பதால், விகிதம் 4ஐத் தாண்டினால் சந்தேகம் எழும். 2005க்கு முன்பு இந்த எல்லை 6 ஆக இருந்தது. பெயரின்றி எண் மட்டும் ஒட்டி வந்த ஒரு மாதிரி இந்த எல்லையைத் தாண்டியபோது, உடனிருந்த இளைய பணியாளர் "ஆள் மாட்டிக்கொண்டார்" என்று முடிவே கட்டிவிட்டார்.

அடுத்தது கரிம ஐசோடோப்புச் சோதனை. சிறுநீரிலிருந்து ஸ்டீராய்டுகளைத் தனித்தனியே பிரித்துச் சுத்தப்படுத்துவதுதான் இதில் பொறுமையைச் சோதிக்கும் வேலை. அதன்பின் ஒவ்வொன்றையும் கருவிக்குள்ளேயே எரித்துக் கரியமில வாயுவாக்கி, அதில் கரிமத்தின் சற்றே கனமான வகையான கரிமம்-13 எவ்வளவு என்று அளப்போம். மருந்து டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் சோயா போன்ற தாவரங்களின் மூலப்பொருளிலிருந்து தயாராவதால், அதில் கரிமம்-13 குறைவு. மனித உடலின் அளவோ உணவைப் பொறுத்தது: சோளம், கம்பு, மக்காச்சோளம் உண்பவருக்குக் கூடும், அரிசி உண்பவருக்குக் குறையும். (நம் ஊர்ச் சோற்றுக்கு இப்படியொரு சாட்சிய மதிப்பு உண்டென்பதை அங்கேதான் அறிந்தேன்.) ஆகையால் அதே நபரின் உடலே உண்டாக்கும், ஊசியால் மாறாத பிரெக்னன்டையோல் என்னும் ஸ்டீராய்டுடன்தான் ஒப்பிட வேண்டும். அந்த மாதிரியில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. விகிதம் அவருக்கு இயல்பாகவே கூடுதல்.

2006 டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் போட்டியில் ஃபிளாய்ட் லாண்டிஸ் என்னும் வீரரின் விகிதம் 11 என வந்தது. மறு ஆண்டு நடுவர் குழு, ஆய்வகம் அந்த விகிதத்தை அளந்த முறை சரியில்லை என்று அதை ஒதுக்கிய பின்னும், கரிமச் சோதனையை ஏற்று அவரைக் குற்றவாளி என்றது.

இதற்கு நேரெதிரான சிக்கலும் உண்டு. கிழக்கு ஆசியரிடையே பரவலாக, யுஜிடி2பி17 என்னும் மரபணு இல்லாதவர்களின் சிறுநீரில் டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவாகவே வெளியேறும். ஊசி போட்டுக்கொண்டாலும் விகிதம் 4ஐ எட்டாமல் போகலாம். என் கணிப்பில் தப்பிப்பவர்கள் இவ்வழியில்தான் அதிகம். 2014 முதல் ஒவ்வொரு வீரரின் அளவுகளையும் அவருடைய பழைய அளவுகளோடே ஒப்பிடும் உயிரியல் கடவுச்சீட்டு இருப்பதால், 1இலிருந்து 3க்குத் தாவும் விகிதமும் இப்போது கண்ணில் படுகிறது.