பாட்டுக்கு விலை வைக்கும் அரசு வக்கீல்: இந்த வேலைக்குப் போகலாமா?

நிலாமதி எழுதியது:
வணக்கம். நியூயார்க்கில் ஒரு வக்கீல் நிறுவனத்தில் ஆறு வருடமாக இசை நிறுவனங்களுக்கு லைசன்ஸ் ஒப்பந்தம் எழுதி வருகிறேன். இப்போது வாஷிங்டனில் பதிப்புரிமை ராயல்டி வாரியத்தில் அரசு வக்கீல் வேலைக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசனை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் நூலகத்தின் கீழ் வரும் அமைப்பு அது. மூன்று நீதிபதிகள். ஒருவர் எழுதிய பாட்டை இன்னொருவர் பதிவு செய்து விற்றால், அல்லது அது ஸ்ட்ரீமிங்கில் ஓடினால், எழுதியவருக்கு எவ்வளவு என்று ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அங்கேதான் முடிவாகிறது. இரு தரப்பும் கொட்டும் ஆவணங்களைப் படித்து நீதிபதிகளுக்குச் சட்டக் குறிப்பு எழுதுவதும், தீர்ப்புக்கும் விதிகளுக்கும் வரைவு போடுவதும்தான் வேலை. சம்பளம் குறையும், அது பெரிய விஷயம் இல்லை. பாட்டு எழுதுகிறவருக்கு இந்த வேலையால் ஏதாவது நன்மை உண்டா? அதுதான் என் கேள்வி.

மெட்டுக்காரன்:
போகாதீர்கள் சகோதரி. நான் நியூஜெர்சியில் இருந்து பாட்டு எழுதுகிறவன். என் பாட்டு ஒருமுறை என் சம்மதத்துடன் வெளிவந்துவிட்டால், அப்புறம் யார் வேண்டுமானாலும் அதைப் பாடிப் பதிவு செய்யலாம். என்னைக் கேட்க வேண்டியதில்லை. அரசு சொன்ன விலையைக் கட்டினால் போதும். என் வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்று நான் முடிவு செய்யலாம். என் பாட்டை முடியாது.

விலையையாவது ஒழுங்காக வைத்தார்களா? 1909-இல் ஒரு பிரதிக்கு 2 சென்ட். 1977 முடியும்வரை அதே 2 சென்ட்! இரண்டு உலகப்போர் வந்து போனது, ரேடியோ வந்தது, டிவி வந்தது, எல்லாம் விலை ஏறியது. பாட்டு எழுதியவனுக்கு மட்டும் 68 வருடம் ஒரே விலை. 1978-இல் 2.75 ஆக்கினார்கள். அரசு விலை என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்கு மூன்று தலைமுறையாகத் தெரியும்.

பூவரசு:
மெட்டுக்காரன் அண்ணா, அந்த 2 சென்ட் கதை உண்மை. ஆனால் அந்த 68 வருடமும் விலை சட்டத்திலேயே எழுதியிருந்தது. அதை மாற்ற காங்கிரஸ்தான் கூட வேண்டும். கணக்குப் பார்த்துத் திருத்த ஓர் ஆளே இல்லை. ஆள் இல்லாததால் வந்த வினையை, இப்போது இருக்கிற ஆள் மேல் போடலாமா?

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். பியானோ தானாக வாசிக்க, துளை போட்ட காகிதச் சுருள்கள் விற்றார்கள். 1908-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சுருள் பாட்டின் 'பிரதி' ஆகாது என்று சொல்லிவிட்டது. எழுதியவருக்கு ஒரு காசும் இல்லை. அடுத்த வருடம் காங்கிரஸ் அந்த உரிமையைக் கொடுத்தது. ஆனால் ஒரு பெரிய சுருள் கம்பெனி எல்லாப் பாட்டையும் மொத்தமாக வளைத்துப் போட்டுவிடும் என்ற பயத்தில், எழுதியவரைக் கேட்காமலே விலை கட்டிப் பதிவு செய்யும் கட்டாய லைசன்ஸையும் சேர்த்தே வைத்தது. அந்தப் பயம் இன்றைக்கும் பொருந்தும்.

இன்னொன்று: வேறொருவர் பாடினாலும் உங்கள் மெட்டின் அடிப்படையை மாற்ற சட்டம் விடாது.

மெட்டுக்காரன்:
விலையைக் கேட்டேன், வரலாறு சொல்கிறீர்கள்.

பூவரசு:
சரி, விலைக்கே வருகிறேன். நிலாமதிக்கும் இது பயன்படும். சிடிக்கும் டவுன்லோடுக்கும் 2006-இல் இருந்து ஒரு பாட்டுக்கு 9.1 சென்ட். 2023 முதல் 2027 வரைக்கும் அதே 9.1 சென்ட் என்று பாடல் உரிமை வைத்திருக்கும் பதிப்பகங்களின் சங்கமும், நாஷ்வில் பாடலாசிரியர்களின் சங்கமும், மூன்று பெரிய ரெக்கார்டு கம்பெனிகளும் சமரசம் பேசி முடித்துக் கொண்டுவந்தார்கள். சோனி, யுனிவர்சல், வார்னர் மூன்றுக்குமே பதிப்பகமும் சொந்தம், ரெக்கார்டு கம்பெனியும் சொந்தம். வாங்குகிற கையும் கொடுக்கிற கையும் ஒரே உடம்பு.

தனித்தனிப் பாடலாசிரியர்கள் வாரியத்துக்கு எதிர்ப்பு எழுதி அனுப்பினார்கள். வக்கீல் வைக்க வசதியில்லாமல் தானே மனு எழுதி வாதாடியவரும் உண்டு. 2022 மார்ச்சில் நீதிபதிகள் அந்தச் சமரசத்தை ஏற்க மறுத்தார்கள். விலைவாசி இவ்வளவு ஏறிய பிறகும் பழைய விலையிலேயே நிறுத்துவது நியாயமாகத் தெரியவில்லை, கையெழுத்துப் போட்டவர்களின் உறவும் சந்தேகத்துக்கு இடம் தருகிறது என்பதுதான் சாரம். சில வாரங்களில் அதே தரப்புகள் புதுச் சமரசத்துடன் வந்தன: 12 சென்ட், வருடா வருடம் விலைவாசிக்கு ஏற்ற உயர்வும் உண்டு. 2025-இல் அது 12.7 சென்ட்.

எல்லோரும் ஒத்துக்கொண்ட காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புவது சுலபம். வெளியே நிற்பவரின் கடிதத்தையும் ஒருவர் உட்கார்ந்து படித்ததால்தான் அது நின்றது.

மெட்டுக்காரன்:
அதற்கு நன்றி சொல்கிறேன், மனதார. ஆனால் இன்று பணம் சிடியிலா இருக்கிறது? ஸ்ட்ரீமிங்கில் இருக்கிறது. அங்கே நடந்ததைச் சொல்லுங்கள். 2018 ஜனவரியில் இதே வாரியம் ஸ்ட்ரீமிங் வருமானத்தில் எங்கள் பங்கை 10.5 சதவீதத்தில் இருந்து படிப்படியாக 2022-இல் 15.1 சதவீதம் ஆக்கியது. ஸ்பாட்டிஃபை, அமேசான், கூகுள், பண்டோரா நால்வரும் மேல்முறையீடு போனார்கள். 2020 ஆகஸ்டில் அது மறுபடி வாரியத்துக்கே திரும்பி வந்தது. கடைசி முடிவு 2023 ஆகஸ்டில். அதாவது 2018-க்கான விலை 2023-இல் உறுதியாகிறது! நடுவில் வீட்டு வாடகையை எதை வைத்துக் கட்டுவது?

என் கூட எழுதும் ஒரு பெண் 2019-இல் வந்த கணக்குத் தாள்களை இன்னும் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார். காலாண்டுக்கு ஒரு தாள், கீழே பென்சிலில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கூட்டல்: பழைய சதவீதத்தில் ஒன்று, புதிய சதவீதத்தில் ஒன்று. எது தன் பணம் என்று நாலு வருடம் அவருக்குத் தெரியாது.

செங்காந்தள்:
அது ஏன் திரும்பி வந்தது என்பதுதான் நிலாமதிக்கு வேண்டிய பதில். விலை கூடுதல் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லவில்லை. எந்தத் தரப்பும் எதிர்பாராத ஒரு கணக்கு முறையை, அதைப் பற்றிப் பேச வாய்ப்புத் தராமல் தீர்ப்பில் வைத்துவிட்டீர்கள் என்றது. பழைய சமரச விலையை ஏன் அளவுகோலாக எடுக்கவில்லை என்பதற்குக் காரணம் போதவில்லை என்றது. தீர்ப்புக்குப் பிறகு ஒரு வரையறையை மாற்ற எங்கிருந்து அதிகாரம் வந்தது என்று கேட்டது. இவை எல்லாமே வரைவு மேசையில் பிடிபட வேண்டியவை. அந்தப் பெண்ணின் நாலு வருடத்தைக் காப்பாற்றியிருக்கக் கூடிய வேலை அதுதான்.

வரையறை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இன்னொன்று. 2024 மார்ச்சில் ஸ்பாட்டிஃபை தன் பிரீமியம் திட்டத்தை, ஆடியோ புத்தகமும் சேர்ந்த 'பண்டில்' என்று கணக்கில் காட்டத் தொடங்கியது. பண்டில் என்றால் விதிப்படி பாட்டுக்குப் போகும் தொகை குறையும், குறைந்தது. ராயல்டியை வசூலித்துப் பிரிக்கும் எம்எல்சி மே மாதம் வழக்குப் போட்டது. 2025 ஜனவரியில் நியூயார்க் நீதிமன்றம் விதியின் வாசகம் ஸ்பாட்டிஃபை பக்கம்தான் இருக்கிறது என்று தள்ளுபடி செய்தது. எல்லாம் ஒரு சொல்லுக்குள்.

மெட்டுக்காரன்:
அதையேதான் நானும் சொல்கிறேன். என் பிழைப்பு ஒரு சொல்லில் தொங்குகிறது, அந்தச் சொல்லை எழுதுவது நான் இல்லை. நல்ல வக்கீல் வந்தால் நல்லது, வராவிட்டால்? 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமையைக் கொடுங்கள், விலையை நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

பழனி, சென்னை:
அண்ணே, அப்படி 'பேசிக்கொள்ள' விட்டதன் பலனை இங்கே வந்து பாருங்கள். நம் சினிமாவில் பாடலாசிரியர்கள் காலங்காலமாக ஒரே தொகை வாங்கிக்கொண்டு எல்லா உரிமைக்கும் கையெழுத்துப் போட்டார்கள். மாட்டேன் என்றால் அடுத்த ஆள் வாசலில் நிற்பார். 2012 சட்டத் திருத்தம் வந்த பிறகுதான், தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாடுகளின் ராயல்டியில் எழுதியவருக்குச் சரிபாதி, அதை அவரே நினைத்தாலும் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்று ஆனது. உங்களுக்கு 'மாட்டேன்' சொல்லும் உரிமை வேண்டும். எங்கள் ஆட்களைக் காப்பாற்ற 'சரி' சொல்லும் உரிமையைச் சட்டம் பிடுங்க வேண்டியிருந்தது.

ஆனால் இங்கே விலை வைக்கத் தனி மன்றம் நிலைக்கவில்லை. எஃப்எம் ரேடியோவுக்கு 2010-இல் பதிப்புரிமை வாரியம் நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவீதம் என்றது. அந்த வேலை பிறகு அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனது. 2021-இல் அதையும் கலைத்து, வழக்குகளை நீதிமன்றங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். இதையே வருடம் முழுக்கப் படிக்கும் அரசு வக்கீல்கள் ஒரு இடத்தில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கிருந்து பார்த்தால் தெரியும். போங்கள் அக்கா.

மெட்டுக்காரன்:
பழனி தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. கட்டாய லைசன்ஸ் தப்பு என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் அது இருக்கிற வரைக்கும் அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்பது எனக்கு முக்கியம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

நிலாமதி:
எல்லோருக்கும் நன்றி. அந்தக் கணக்குத் தாள்கள் என் மனதை விட்டுப் போகவில்லை. இத்தனை வருடம் நான் எழுதிய வரையறைகளும் இப்படி ஏதாவது ஒரு தாளின் அடியில்தான் போய் நின்றிருக்கும். இன்றிரவு விண்ணப்பத்தை அனுப்புகிறேன்.

அண்ணா, அடுத்த சுற்று 2028 முதல் 2032 வரைக்கான விலை. சமரசம் பொதுமக்கள் கருத்துக்கு வரும்போது நீங்களும் அந்தத் தோழியும் அவசியம் எழுதுங்கள். அந்தப் பென்சில் கணக்கையும் இணையுங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம், வாரியத்தின் பொதுப் பதிவில் போடுங்கள். வேலை கிடைத்தால் நடப்பு வழக்கு பற்றி இங்கே ஒரு வார்த்தையும் பேச மாட்டேன், என் பழைய கட்சிக்காரர்களின் கோப்பையும் தொட மாட்டேன். உங்கள் கடிதத்தை மட்டும் முழுதாகப் படிப்பேன்.